ஏழு கடை ஃப்ரைஸும் ஒரு சிப்ஸ் கடைக்காரரும்

எங்கள் வீட்டில் காரில் வெளியூர் கிளம்பினால் மதியச் சாப்பாடு பெரும்பாலும் ஃப்ரைஸ்தான். என்னைத் தவிர எல்லாரும் சைவம். டாலஸிலிருந்து ஹூஸ்டனுக்கோ சான் அன்டோனியோவுக்கோ போகும் வழியில் எந்த எக்ஸிட்டில் இறங்கினாலும் நாலு பர்கர் கடை நிற்கும், அந்த நாலிலும் சைவக்காரர்களுக்கு என்று உத்தரவாதமாக இருப்பது உருளைக்கிழங்கு ஒன்றுதான். டாகோ பெல் என்கிற மெக்சிகன் பாணிக் கடை கண்ணில் பட்டால் பீன்ஸ் வைத்துச் சுருட்டின புரீட்டோ உண்டு, அன்றைக்கு யோகம். மற்ற நாளெல்லாம் மடியில் ஃப்ரைஸ் பை. பன்னிரண்டு வருஷமாக இப்படித் தின்றதில் எந்தக் கடை முதல், எந்தக் கடை கடைசி என்று எனக்கு ஒரு வரிசை இருந்தது. அது சரியான வரிசை என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் திருச்சியிலிருந்து பெரியப்பா வந்தார். முப்பத்தைந்து வருஷம் சிப்ஸ் கடை வைத்திருந்தவர். எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில்லை, ஒரு சீவலைப் போட்டு அது மேலே வருகிற வேகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். முதல் வாரம் நான் வாங்கிக் கொடுத்த ஃப்ரைஸை ஒன்று எடுத்து, நடுவில் ஒடித்து, உள்ளே பார்த்து, மோந்து, அப்புறம்தான் வாயில் போட்டார். "இது எப்பப் போட்டது?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "வறுவலுக்கு வயசு உண்டுடா, அதைக் கேட்காம நல்லாருக்கு நல்லால்லன்னு சொல்லக் கூடாது" என்றார். சரி, வயசு பார்த்தே வரிசைப்படுத்திவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

ஏற்பாடு இதுதான். டாலஸ் பக்கத்தில் எங்கள் ஊரான பிரிஸ்கோவைச் சுற்றி ஏழு கடை, ஒவ்வொன்றிலும் நடுத்தர அளவு ஒன்று. வாங்கின உடனே பார்க்கிங்கில் காருக்குள்ளேயே பாதி. மீதிப் பாதி பையோடு வீட்டுக்கு, அங்கே அரைமணி கழித்து இன்னொரு தரம். முதல் மூன்று துண்டுக்குக் கெட்சப் தொடக் கூடாது, இது என் எட்டு வயது மகள் போட்ட சட்டம், அதை மீறினவளும் அவள்தான். ஒரே மூச்சில் ஏழு கடை முடியாது என்பதால் மதியம் நாலு, சாயங்காலம் மூன்று. இன்னொன்று, பெரியப்பா ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி கேட்டார்: "எண்ணெயில கவிச்சி உண்டா?" இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் அவர் வாயைத் திறப்பார்.

இந்தக் கேள்விதான் என் வரிசையை முதலில் கலைத்தது. ஏனென்றால் என் பழைய வரிசையில் மெக்டொனால்ட்ஸ் முதலிடம். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸ் சைவம் கிடையாது, இது இன்னும் நம்மில் பல பேருக்குத் தெரியாது. 1990 வரை அவர்கள் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பில்தான் பொரித்தார்கள். அந்த வருஷம் தாவர எண்ணெய்க்கு மாறினோம் என்று அறிவித்தார்கள், நம்ம ஆட்கள் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் பழைய ருசி போகக் கூடாது என்று மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்ந்தது, 'இயற்கைச் சுவையூட்டி' என்ற பொதுப் பெயரில். 2001இல் சியாட்டிலில் ஒரு இந்திய வக்கீல் வழக்குப் போட்டார், 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி சைவ அமைப்புகளுக்கும் இந்து அமைப்புகளுக்கும் போனது. சுவையூட்டி மட்டும் போகவில்லை. இன்றைக்கும் அவர்கள் இணையதளத்தில் ஃப்ரைஸின் சேர்மானத்தைத் திறந்து பாருங்கள், கோதுமை, பால் இவற்றிலிருந்து எடுத்த பொருள்களோடு மாட்டிறைச்சிச் சுவை என்றே எழுதியிருக்கும். இந்தியாவில் விற்பதில் இது கிடையாது. சென்னையில் சாப்பிட்ட நம்பிக்கையில் இங்கே வந்து சாப்பிடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆக மெக்டொனால்ட்ஸை நான் ஒருவன் மட்டும் சாப்பிட்டேன், மற்ற மூன்று பேரும் காருக்கு வெளியே நின்றார்கள். சூடாக இருக்கும்போது இதை அடிக்க ஆள் இல்லை, நான் யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போடத் தயார். மெல்லிசாக, நீளமாக, வெளியே கண்ணாடித் தாள் மாதிரி ஒரு ஓடு, கடித்தால் உள்ளே மாவு, உப்பு எல்லாத் துண்டிலும் ஒரே சீராக. நிறம் இப்படி ஒரே மாதிரி வருவதற்குக் காரணம் கொஞ்சம் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரை, ஃபேக்டரியிலேயே ஏறிவிடுகிறது. ஆனால் இதன் ஆயுசு கம்மி. மெல்லிசாக வெட்டினால் சீக்கிரம் ஆறும், அது யார் பொரித்தாலும் அப்படித்தான். பொரித்து ஏழு நிமிஷத்துக்கு மேல் வைத்து விற்கக் கூடாது என்று அவர்களே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள். அதனால் என் தீர்ப்பு: எல்லாம் சாப்பிடுகிறவர், கடைவாசலிலேயே சாப்பிடுகிறவர் என்றால் இதுதான் முதல். எங்கள் வீட்டுக்கு இது பட்டியலிலேயே இல்லை.

இதே காரணத்துக்காக இன்னொரு கடையை நாங்கள் தொடவே இல்லை. ஸ்டேக் அன்ட் ஷேக் என்கிற பர்கர் கடை 2025 ஆரம்பத்தில் ஃப்ரைஸ் பொரிக்கிற எண்ணெயை மாட்டுக்கொழுப்புக்கு மாற்றிவிட்டது, அதையே விளம்பரமாகவும் போடுகிறது. பழைய காலத்து ருசி திரும்புகிறது என்று இங்கே ஒரு கூட்டம் கொண்டாடுகிறது. ஊர் பேர் தெரியாமல் உள்ளே போய் 'ஃப்ரைஸ்தானே' என்று வாங்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து இன்-என்-அவுட். கலிபோர்னியாக் கடை, 1948இல் ஆரம்பித்தது, எங்கள் பிரிஸ்கோ பக்கம் 2011இல் வந்தது. வந்த புதிதில் கார் வரிசை ரோடு வரைக்கும் நின்றது என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். இங்கே காரில் இருந்தபடியே வாங்குகிற டிரைவ்-த்ரூவில் போகாமல் உள்ளே போனோம், அதுதான் நல்லதாகப் போயிற்று. கவுண்டருக்குப் பின்னால் ஒரு பையன் உரித்த கிழங்கை ஒவ்வொன்றாக ஒரு இரும்புக் கட்டையில் வைத்து நெம்புகோலை இழுக்கிறான், கீழே குச்சி குச்சியாக விழுகிறது. பெரியப்பா ஆர்டர் வந்த பிறகும் அங்கேயே நின்றார். இங்கே ஃப்ரீசர் கிழங்கு இல்லை, வெட்டி, அலசி, நேராகச் சூரியகாந்தி எண்ணெயில். கடையில் எண்ணெயில் போடுவது உருளைக்கிழங்கு மட்டும்தான், கோழி கிடையாது, மீன் கிடையாது, அதனால் கவிச்சிப் பிரச்சினையும் கிடையாது.

இந்த ஃப்ரைஸைப் பற்றி அமெரிக்கர்களே இரண்டு கட்சி. ஒரு கட்சி அட்டை மாதிரி இருக்கிறது என்பார்கள், இன்னொரு கட்சி இதுதான் நிஜக் கிழங்கு என்பார்கள். எல்லாம் ஒரே ஒரு விஷயத்தால். மற்ற பெரிய கடைகள் பெரும்பாலானவற்றில் வருகிற ஃப்ரைஸ் ஃபேக்டரியில் ஒரு தரம் அரைவேக்காடாகப் பொரிந்து, உறைந்து, கடைக்கு வந்து இரண்டாவது தரம் பொரிகிறது. முதல் தரத்தில் உள்ளே வேகும், மேல்பக்கத்து ஈரம் போகும், இரண்டாவது தரத்தில் ஓடு கட்டும். இன்-என்-அவுட்டில் ஒரே தரம்தான், அது அவர்கள் முறை. பெரியப்பாவுக்கு இதை நான் விளக்கவே இல்லை. நாலு துண்டு தின்றுவிட்டு அவரே சொன்னார்: "இது வறுவல் இல்லடா, பொரியல். ஒரே போடுல எடுத்திருக்கான். வறுவல்னு நெனச்சுத் தின்னா பிடிக்காது, பொரியல்னு நெனச்சுத் தின்னா அமிர்தம்." அவர் வரிசையில் இதுதான் முதலிடம், கடைசி வரை மாற்றவில்லை. எனக்கு ஃப்ரைஸ் என்றால் மொறுமொறுப்பு வேண்டும், அதனால் ஐந்தாவது. உங்களுக்கும் என் நாக்கு என்றால் ஆர்டர் சொல்லும்போதே 'வெல் டன்' என்று சேர்த்துச் சொல்லுங்கள், கூடுதல் நேரம் எண்ணெயில் விட்டு நல்ல சிவப்பாக எடுத்துத் தருவார்கள், காசு கூட வாங்க மாட்டார்கள். மெனு போர்டில் இது இருக்காது. 'அனிமல் ஸ்டைல்' என்று சீஸும் வதக்கின வெங்காயமும் ஒரு சாஸும் கொட்டித் தருவார்கள், அது ஃப்ரைஸ் சாப்பிடுகிற கணக்கில் வராது.

சிக்-ஃபில்-ஏ. பெயரிலேயே கோழி இருப்பதால் பெரியப்பா முதலில் காரை விட்டு இறங்கவே மறுத்தார். ஆனால் இங்கே ஒரு நல்ல விஷயம் உண்டு, கோழியைக் கடலை எண்ணெயிலும் ஃப்ரைஸைக் கனோலா எண்ணெயிலும் தனித்தனியாகப் பொரிப்பது அவர்கள் வழக்கம். இதைக் கவுண்டரில் இருந்த பெண்ணையே சொல்லவைத்து, நான் மொழிபெயர்த்த பிறகுதான் பெரியப்பா ஒப்புக்கொண்டார். ஃப்ரைஸ் என்றால் குச்சி இல்லை, ஜன்னல் கம்பி போட்ட மாதிரிக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டை விட்ட வட்டம். ஓரம் முறுகல், நடு மெத்து, ஒரே துண்டில் இரண்டும். சாஸ் அள்ளுவதற்கு இதைவிடத் தோதான வடிவம் கிடையாது, என் மகளுக்கு இது ஒரு கரண்டி. 2025 வாக்கில் ஃப்ரைஸ் மேலே பட்டாணி மாவுச்சத்து ஒரு பூச்சு ஏற்றினார்கள், மொறுமொறுப்பு நிற்பதற்காக. பழைய ருசி போச்சு என்று இங்கே நிறையப் பேர் புலம்பினார்கள். எனக்கு வீட்டுக்கு வந்தும் ஓரம் கடிபட்டது, அதனால் புகார் இல்லை. எங்கள் நாலு பேர் கணக்கில் அரைமணிச் சோதனையில் மொறுமொறுப்பில் ஜெயித்தது இதுதான். என் வரிசையில் இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அதை மறந்துவிட்டு நாங்கள் எத்தனை தரம் வண்டியைத் திருப்பியிருக்கிறோம் என்று கேட்காதீர்கள்.

நாலாவதாக ஒரு கடை. பெயர் சொல்லப்போவதில்லை, எல்லா ஊரிலும் இருக்கிற சங்கிலிக் கடை, நம் வீட்டுப் பக்கத்துக் கிளை. பை கைக்கு வரும்போதே அடியில் எண்ணெய் ஊறி ஜன்னல் மாதிரித் தெரிந்தது. ஒன்றை எடுத்துப் பிடித்தால் வளைந்து தலை தொங்கியது. பெரியப்பா தின்னவே இல்லை, மோந்துவிட்டு, "எண்ணெய் காறிப் போச்சு, ரெண்டு நாள் எண்ணெய்" என்று திருப்பி என் கையிலேயே கொடுத்தார். அது எந்த எண்ணெய், என்றைக்கு ஊற்றினது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நானும் ஒன்று தின்றேன், நாக்கில் அந்தக் காறல் தண்ணீர் குடித்தும் போகவில்லை. உப்பு வேறு ஒரு மூலையில் மொத்தமாகக் கொட்டிக் கிடந்தது. வேறு கொடுங்கள் என்று கேட்டேன், மறுக்காமல் கொடுத்தார்கள், அதுவும் அதே ரகம். கடைசி இடம். வரிசையில் போட்டதே அதிகம்.

சாயங்காலம் மூன்று கடை. வெண்டிஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோலோடு வெட்டின ஃப்ரைஸ், 2010இல் தோலோடு மாற்றினார்கள், 2021இல் சூடும் மொறுமொறுப்பும் நிற்கிற மாதிரி இன்னொரு தரம் மாற்றி, அப்படி இல்லையென்றால் வேறு தருகிறோம் என்று உத்தரவாதமும் கொடுத்தார்கள். தோல் இருக்கிற பக்கம் ஒரு மண்வாசனை வரும், எனக்குப் பிடிக்கும், மகள் தோலை உரித்து உரித்து வைத்தாள். எண்ணெய் தனியா என்று கேட்டோம், ஒரே சட்டியில் வேறு பொருளும் போகலாம் என்றார்கள், ஆக பெரியப்பா 'வேணாம்'. மூன்றாவது இடம்.

வாட்டாபர்கர் டெக்சாஸ்காரர்களுக்குக் குலதெய்வம் மாதிரி. 1950இல் கார்ப்பஸ் கிறிஸ்டியில் ஆரம்பித்த கடை, ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கூரை தூரத்திலேயே தெரியும். ஃப்ரைஸ் சாதாரண மெல்லிசு ஃப்ரைஸ், நல்லாத்தான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் இங்கே போவது கெட்சப்புக்கு. மற்ற கடையில் தருகிற பல்லால் கிழிக்கிற பாக்கெட் இல்லை, மூடி உரிக்கிற சின்னத் தொட்டி, அதில் காரக் கெட்சப் என்று ஒன்று உண்டு, மிளகாய்க் காரம் நாக்கில் நிஜமாகவே தெரியும். அமெரிக்காவில் 'ஸ்பைசி' என்று எழுதின பொருளில் காரம் இருப்பதே அபூர்வம். இந்த ஊரை விட்டுப் போகிறவர்கள் அதைப் பாட்டிலாக வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறார்கள், மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. ஃப்ரைஸுக்கு நாலாவது இடம், கெட்சப்புக்கு முதலிடம்.

கடைசியாக ஃபைவ் கைஸ். உள்ளே நுழைந்ததும் பெரியப்பா சிரித்துவிட்டார். வழியிலேயே உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கியிருக்கிறது, பக்கத்தில் எண்ணெய்ப் பெட்டிகள், பெட்டி மேலே நிலக்கடலைப் படம். திருச்சி காந்தி மார்க்கெட் மண்டிக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது என்றார். "கடலெண்ணெயா? அப்ப விஷயம் தெரிஞ்சவன்தான்." செக்கு எண்ணெய் மாதிரி மணம் வராது, சுத்திகரித்த எண்ணெய், அது அவருக்குக் கொஞ்சம் வருத்தம். சுவரில் ஒரு போர்டில் இன்றைக்குக் கிழங்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதிவைக்கிறார்கள், அன்றைக்கு ஐடஹோவில் ஒரு ஊர். "நாங்களும் மேட்டுப்பாளையம் கிழங்கு வந்தா போர்டு வைப்போம்" என்றார். 1986இல் வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில், ஆர்லிங்டனில் ஒரு குடும்பம் ஆரம்பித்த கடை. இங்கேயும் எண்ணெயில் இறங்குவது உருளைக்கிழங்கு மட்டும்தான், ஆக பெரியப்பாவுக்குத் தடை இல்லை.

இங்கே கடையிலேயே இரண்டு தரம் பொரிக்கிறார்கள். தோலோடு வெட்டி, மாவுப்பால் போக அலசி, முதல் தரம் போட்டு எடுத்து ஆறவைத்து, ஆர்டர் வந்த பிறகு இரண்டாவது தரம். பெரியப்பா அந்த ஆறவைத்த கூடைகளைக் கைகாட்டி, இது ரொம்பக் குளிரில் வைத்த கோல்ட் ஸ்டோரேஜ் கிழங்கு இல்லை என்று அடித்துச் சொன்னார். எனக்கு அப்போது புரியவில்லை. ரொம்பக் குளிரில் வைத்தால் கிழங்கில் இருக்கிற மாவு சர்க்கரையாக மாறும், அந்தக் கிழங்கு எண்ணெயில் வேகிறதுக்கு முன்னால் கறுத்துவிடும், வாயில் போட்டால் இனிக்கும். திருச்சியில் கோல்ட் ஸ்டோரேஜில் இருந்த ஆக்ரா கிழங்கு வருகிற மாசத்தில் எல்லாச் சிப்ஸ் கடைக்காரருக்கும் இதே தலைவலியாம். அன்றைக்கு எங்கள் பையில் கறுத்த துண்டு ஒன்றுகூட இல்லை, எண்ணிப் பார்த்தோம்.

கேஜன் மசாலா தூவினதைத்தான் வாங்க வேண்டும், மிளகாய், பூண்டு எல்லாம் சேர்ந்த சிவப்புப் பொடி. ஒரு கப்பில் நிறைத்து, அந்தக் கப்பைப் பைக்குள் வைத்து, அதன் மேல் இன்னொரு அள்ளு அள்ளிக் கொட்டுகிறார்கள். கொசுறு! பெரியப்பாவுக்கு அந்தக் கொசுறு ஒன்றிலேயே மனசு நிறைந்துவிட்டது, விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற வரைக்கும். நாலு பேருக்குச் சின்னது ஒன்று போதும், பெரிசு வாங்கி வீணாக்காதீர்கள். மொறுமொறுப்பில் மெக்டொனால்ட்ஸ் அளவு வராது, பருமன் அதிகம். ஆனால் ஆறின பிறகும் வாயில் உருளைக்கிழங்கு ருசிக்கிறது, அங்கேதான் மற்றவை தோற்றுப்போகின்றன. வீட்டுக்கு வந்து அரைமணி கழித்து, மொறுமொறுப்பு அவ்வளவும் அடங்கின பிறகும், மேஜையில் முதலில் காலியானது இந்தப் பைதான். என் முதலிடம் ஃபைவ் கைஸ். பழைய வரிசையில் இது நாலாவது.

வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். பையின் வாயை மடிக்காதீர்கள். டிரைவ்-த்ரூவில் அழகாக மடித்துத்தான் தருவார்கள், கையில் வாங்கினதும் பிரித்துவிடுங்கள். உள்ளே இருக்கிற ஆவி வெளியே போக வழி இல்லாமல் ஓட்டிலேயே இறங்கினால் பத்து நிமிஷத்தில் நமத்துவிடும். கார் முழுக்க வாசனை அடிக்கும்தான், அடிக்கட்டும். நமத்ததை மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர் ஆகிவிடும். தோசைக்கல்லைக் காயவைத்து, எண்ணெய் விடாமல் பரப்பி, மூடாமல் ரெண்டு நிமிஷம் புரட்டுங்கள், ஏர் ஃப்ரையர் இருந்தால் இன்னும் நல்லது.

ஞாயிறு காலை பார்த்தால் ஃப்ரிட்ஜில் ஒரே ஒரு பை மிச்சம், பெயர் சொல்லாத அந்த நாலாவது கடைப் பை. தூக்கிப் போடப் போனேன், பெரியப்பா விடவில்லை. கொதிநீரில் ஒரு அலசு அலசி எண்ணெயையும் உப்பையும் போக்கி, துணியில் ஒற்றி, வாணலியில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டி இறக்கினார். எண்ணெய்தான் காறலாம், கிழங்கு என்ன பாவம் செய்தது என்று கேட்டார். மிளகு ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள வைத்தார். என் மனைவி இரண்டாவது தரம் சாதம் போட்டுக்கொண்டாள், அது எந்தக் கடைப் பை என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.